பையப் பைய: டெங்குவுக்குப் பிறகு நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும்

காய்ச்சல் விட்டு ஒன்பதாம் நாள். வெள்ளென முழிப்பு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் நாடித்துடிப்பு 48. நல்ல பயிற்சியில் இருந்த காலத்திலேயே எனக்கு 56க்குக் கீழே இறங்கினதில்லை. படுத்துக் கிடந்ததில் இதயம் இன்னும் கெட்டியாகிவிட்டது என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டு, வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டேன்.

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை வரை ஒன்றும் தெரியவில்லை. டிசம்பர் குளிரில் கால் தன்பாட்டுக்குச் சுற்றியது. பத்தமடையை நெருங்கும்போது காதுக்குள் இரைச்சல். கை நடுங்கியது. நெற்றியில் வியர்வை பச்சைத் தண்ணீராக வழிந்தது. டீக்கடை பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தேன். கடைக்காரப் பெரியவர் டீ போடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "மொகம் வெளுத்துக் கெடக்கே அண்ணாச்சி. எதுக்கு இப்படி அவசரப்படுதிய? பைய வரக்கூடாதா?" என்று சொல்லி, கேட்காமலேயே ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு லோடு ஆட்டோவில் திரும்பினேன். தார்களுக்கு மேலே சைக்கிள், டிரைவர் பக்கத்தில் நான். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரிய ஏச்சு.

பாளையங்கோட்டையில் 22 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயது 44. ஆறு வருஷமாக டிரையத்லான் கிறுக்கு. குட்டி தூரம் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம், ஒலிம்பிக் தூரம் அதில் இரட்டிப்பு. டெங்கு வந்தபோது நான் தயாராகிக்கொண்டிருந்தது அரை தூரத்துக்கு, அதாவது அயர்ன்மேன் என்கிற நீண்ட போட்டியில் பாதி: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மருந்தைத் தெரியும், மருத்துவம் தெரியாது. அதனால் கீழே சொல்வதில் எங்கே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேனோ, அங்கே நிஜமாகவே போய்ப் பாருங்கள்.

அந்த 48க்கு வருகிறேன். டெங்குவிலிருந்து தேறும் கட்டத்தில் நாடி வழக்கத்தைவிட மெதுவாக ஓடுவது சகஜம். அது உடம்பு தேறிய அடையாளம் இல்லை, நோயின் வால். ஆஸ்பத்திரியில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற காய்ச்சல்களில் காலை நாடி வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூட இருந்தால் 'இன்னும் ஆகவில்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். டெங்குவில் அந்தக் கணக்கு மட்டும் போதாது, குறைந்திருந்தாலும் நம்பக்கூடாது.

அதற்குப் பிறகு நான் செய்தது இது. காலையில் எழுந்திருக்கும் முன், படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். பிறகு எழுந்து, எதிலும் சாயாமல் நின்று, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் விஷயம். உடம்பு சரியாக இருக்கும்போது எனக்குப் படுத்தால் 56, நின்றால் 70 சொச்சம். பத்தமடைக்குப் போய்வந்த மறுநாள் எண்ணியபோது படுக்கையில் 49, நின்றதும் 86. அதாவது 37 ஏற்றம். 30க்கு மேல் ஏறுகிறது, கூடவே தலை லேசாகச் சுற்றுகிறது என்றால் அன்றைக்கு வாசல் தெளிக்கிற தூரம் நடந்தால் போதும். மருந்துக் கம்பெனி கொடுத்த தினக்காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் இரண்டு எண்ணையும் எழுதி வைத்தேன். ஏற்றம் 20க்குள் வர எனக்கு மூன்று வாரம் ஆனது.

எப்போது தொடங்கவே கூடாது

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் சூடு குறையும். அதன் பின் ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும், ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் அணுக்கள் தரைதட்டுவதும். 'காய்ச்சல் விட்டுட்டு, நாளைக்கு லேசா நடந்து பாப்போம்' என்று என் கடையில் வந்து சொன்னவர்கள் எத்தனையோ பேர். அந்த நாட்களில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரு மாதிரி நிலைகொள்ளாத தவிப்பு, இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

எனக்குப் பிளேட்லெட் 38,000 வரை இறங்கியது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஏறும்வரை சைக்கிளைத் தொடவேண்டாம். மிதிப்பதில் உள்ள சிரமத்தைவிட விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் பயம். சாதாரண நாளில் முழங்கை சிராய்ப்போடு போகிறது, பிளேட்லெட் இல்லாதபோது உள்ளே ரத்தக்கட்டாக நிற்கும். கூடவே ஈரல் சோதனையும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். டெங்குவில் ஈரலும் அடிவாங்கும். எனக்கு பிளேட்லெட் ஒரு வாரத்தில் சரியானது, ஈரல் எண்கள் இறங்க ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

கவுன்டருக்குப் பின்னால் நின்று ஒன்று சொல்கிறேன். மேல் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் என்று கேட்டு வாங்குவது விளையாட்டுக்காரர்களுக்குப் பழக்கம். டெங்குக் காலத்தில் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். டைபாய்டோ வேறு தொற்றோ வந்து ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. இந்த வகை மருந்துகள் குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற தடித்த தசைநாரைப் பலவீனமாக்கி, அறுந்துபோகக்கூட வைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இலேயே இதைக் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கையாகப் போடச் சொன்னது. மாத்திரை முடிந்து சில மாதம் கழித்தும் வரலாம். குதிகாலில் வலியோ வீக்கமோ தெரிந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்தி, இந்த மாத்திரை சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் பழைய சீட்டை வைத்தே மறுபடி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மாதம் நொண்டினார். என் கடையில் வாங்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

நெஞ்சுவலி, நெஞ்சில் படபடப்பு, சின்ன வேலைக்கே மூச்சுத் திணறல், மயக்கம், இந்த நான்கும் எந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வந்தாலும் பயிற்சிக் கணக்கில் சேராது. வைரஸ் இதயத் தசையிலும் வீக்கம் உண்டாக்கும். ஈ.சி.ஜி. எடுத்து இதய டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். அப்படி இருந்துவிட்டால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியே கிடையாது.

முதலில் நடை

படுத்த ஒரு நாளுக்கு இரண்டு நாள் லேசான வேலை, இது நான் வைத்துக்கொண்ட கணக்கு. காய்ச்சலும் ஆஸ்பத்திரியுமாக ஒன்பது நாள் போனது, ஆகவே பதினெட்டு நாள் நடை மட்டும். மார்கழி பிறந்திருந்தது. ராஜகோபாலசாமி கோயில் ஸ்பீக்கர் சத்தத்தில் எழுந்து வ.உ.சி. மைதானத்துக்குப் போவேன். முதல் நாள் 15 நிமிஷம். அவ்வளவுதான். என்னைவிட முப்பது வயது மூத்தவர்கள் கையை வீசிக்கொண்டு தாண்டிப் போனார்கள். ஒரு ஆச்சி மூன்றாவது சுற்றில், "என்னய்யா, மேலுக்குச் சொகமில்லையா?" என்று நின்று விசாரித்துவிட்டுப் போனாள். கூச்சமாகத்தான் இருந்தது.

நடையைக் கூட்டும் விதி இதுதான்: இன்று செய்தது சரியா என்று நாளைக் காலைதான் சொல்லும். நடக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், பத்தமடை வரைக்கும் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலண்டர் எண் கெடாமல், மத்தியானம் கடையில் கண்ணைச் செருகாமல் இருந்தால் ஐந்து நிமிஷம் கூட்டலாம். கெட்டிருந்தால் ஒருநாள் முழு ஓய்வு, பிறகு இரண்டு படி கீழே. எனக்கு அப்படி இரண்டு தடவை கீழே இறங்க வேண்டியிருந்தது. ஒருதரம் காரணம் நடை இல்லை, ஸ்டாக் எடுக்கிறோம் என்று ராத்திரி ஒரு மணி வரை நின்றது. கடையில் நிற்பதும் உடம்புக்கு வேலைதான் என்று அப்போதுதான் உறைத்தது.

40 நிமிஷம் நடந்து மறுநாள் ஒன்றும் தெரியாமல் போன பிறகுதான் சைக்கிள்.

சைக்கிள்: வீட்டைச் சுற்றியே

தேறி வருகிறவர் நேர்கோட்டில் போகக் கூடாது. அம்பை ரோட்டில் 20 கி.மீ. போனால் திரும்பவும் 20 வர வேண்டும். ஆகவே பெருமாள்புரம், மகாராஜநகர், என்.ஜி.ஓ. காலனி என்று ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன். எந்த இடத்தில் சோர்ந்தாலும் வீடு பக்கம். முதல் வாரம் 20 நிமிஷம், ஒருநாள் விட்டு ஒருநாள். கியரை இலேசாக வைத்துக் காலைச் சுற்றுவது மட்டுமே. முன்னால் போகிற பால்காரரின் டிவிஎஸ்ஸைத் துரத்தத் தோன்றும், விட்டுவிடுங்கள்.

வேகம் சரிதானா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. பாபநாசம் பஸ் கண்டக்டர் மாதிரி, "சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம்" என்று மிதித்துக்கொண்டே ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கடிகாரத்தைவிட இது நம்பகமானது. தெருவில் யாராவது கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

கூட்டும் வரிசை முக்கியம். முதலில் நேரம், பிறகு வாரத்துக்கு எத்தனை நாள், கடைசியில்தான் வேகம். ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள். படுக்கையில் இருந்த முதல் இரண்டு வாரத்தில் நாம் இழப்பது பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள நீர்ப்பங்கு. அது சீக்கிரம் திரும்பிவிடும். அதனால் ஒரு கட்டத்தில் திடீரென்று பழையபடி பறக்கிற மாதிரி இருக்கும். தசையும் மூட்டும் அந்த வேகத்தில் வருவதில்லை. ஏமாறுகிற இடம் இது.

தண்ணீர்

குறுக்குத்துறையில் முங்கி எழுந்து நீச்சல் படித்தவன் நான். முருகன் கோயில் படியிலிருந்து குதித்து அக்கரை போய்வருவது பள்ளிக்கூட நாளில் ஒரு பொழுதுபோக்கு. இருந்தும் சொல்கிறேன், தேறுகிற காலத்தில் தாமிரபரணி வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் மழைத் தண்ணீர் கலங்கி இழுப்போடு வரும். சைக்கிளில் தலைசுற்றினால் காலை ஊன்றலாம், ஆற்றில் எதை ஊன்றுவது? மழைவெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும், காலில் சிராய்ப்பு இருந்தால் உள்ளே போக அது போதும். ஒரு காய்ச்சலிலிருந்து எழுந்து இன்னொன்றில் விழ வேண்டாம்.

பொங்கல் கழிந்து ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்குப் போனேன். ஓரத்துத் தடம், கை எட்டும் தூரத்தில் சுவர், கரையில் ஆள். தனியாக ஒருநாளும் இறங்கவில்லை. படுத்த வாக்கில் நீந்துவதால் தலைசுற்றுகிறவர்களுக்குத் தண்ணீர் ஒருவிதத்தில் நல்லது. தண்ணீரின் அழுத்தம் காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிக் கொடுக்கும். சிக்கல் வெளியே ஏறும்போதுதான். ஏணியில் சட்டென்று ஏறி நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும். நெஞ்சளவு தண்ணீரில் ஒரு நிமிஷம் நின்று, ஏறி, கரையிலேயே உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள்.

ஒரு நீளம் நீந்தி, சுவரில் பிடித்து மூச்சு சீராகும் வரை நின்று, அடுத்தது. அப்படிப் பத்து நீளம். இரண்டு கையையும் ஒழுங்காகப் போடப் பழகுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது, ஏனென்றால் வேகமாகப் போகத்தான் முடியாதே. என் இடதுகை தண்ணீருக்குள் குறுக்கே போகிறது என்று பயிற்சியாளர் தம்பி மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஜனவரியில்தான் திருந்தியது.

ஓட்டம் கடைசி

ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தைக் காலில் இறக்குகிறது. சிக்குன்குன்யா வந்தவர்கள் இதை இன்னும் தள்ளிப்போட வேண்டும், காலையில் கணுக்காலும் விரலும் விறைப்பாக இருக்கும்வரை ஓட்டமே வேண்டாம். நான் ஜனவரி கடைசியில் தொடங்கினேன். பத்து நிமிஷம் நடை, பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, எட்டு தடவை. ரோட்டில் இல்லை, மைதானத்து மண்ணில். வாரம் மூன்று நாள். அடுத்த வாரம் இரண்டு, இரண்டு. அதற்கடுத்து மூன்று, ஒன்று. சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடிப் பழகுவதற்கு ஓட்டம் தொடர்ச்சியாக 20 நிமிஷம் வரும்வரை காத்திருந்தேன். அதுவும் முதல் தடவை ஐந்து நிமிஷம்தான் ஓடினேன்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வெக்கையில் ஓடும் பழக்கம் படுத்துக் கிடந்த சில வாரத்தில் உடம்புக்கு மறந்துபோகும், திரும்பப் பழக பத்து, பதினான்கு நாள் ஆகும். நம்ம ஊரில் மாசி பாதியிலேயே எட்டு மணிக்குத் தார் காய ஆரம்பித்துவிடும். ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் வீடு வந்துவிடுங்கள்.

வயிறு

முதல் பத்து நாள் சோறே இறங்கவில்லை. அம்மா உளுந்தங்கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம் போட்டுக் குழைய வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பூ. அது இறங்கியது. பிறகு கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டிய உளுந்தங்களி, அவித்த முட்டை, மீன்குழம்பு. தசை கரைந்திருக்கும்போது புரதம் வேண்டும், அதற்கு டப்பா மாவு தேவையில்லை. என் கடையிலேயே விற்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் மாமியார் கொடுத்தார். மறுத்துப் பேசுகிற தெம்பு இல்லாததால் குடித்தேன். அல்வா பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பசி ஒழுங்காகத் திரும்பும்வரை நெய் வேண்டாம். ஈரல் எண் இறங்கியதும் முதல் வேலையாகக் கால் கிலோ வாங்கினேன்.

ஓ.ஆர்.எஸ். பொடியில் எல்லாரும் ஒரு தப்புச் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் மற்றதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்புக் கரைசல்தான், தாகமும் வாந்தியும் கூடும். முழு லிட்டரில் கரைத்து, அன்றைக்கே குடித்து முடியுங்கள். மீந்தால் கொட்டிவிடுங்கள்.

வாட்ஸப் குழுவை ஆறு வாரம் அமைதியில் போட்டு வைத்தேன். மணிமுத்தாறு வரை போய்வந்த படத்தை ஒருவர் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கால் நிற்கும்?

இரண்டு மாதம் சும்மா கிடந்த சாமான்களையும் பாருங்கள். என் சைக்கிளின் பின் டயர் பக்கவாட்டில் வெடித்திருந்தது, செயினில் துரு, நீச்சல் கண்ணாடியின் ரப்பர் இழுத்ததும் கையோடு வந்தது. டயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் கடையில் நிற்கும்போது சைக்கிள்காரத் தம்பி, "அண்ணாச்சி, அடுத்தது எப்பம்?" என்று கேட்டான். அரை தூரத்துக்குக் கட்டின பணம் திரும்ப வராது என்று விதியிலேயே போட்டிருந்தது, அது போனது போனதுதான். இப்போது குட்டி தூரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஆகஸ்டில். இன்னும் பணம் கட்டவில்லை. அந்த 5 கி.மீ. ஓட்டத்தில் எனக்கு இப்போதைக்கு இரண்டு இடத்தில் நடக்க வேண்டியிருக்கிறது.